காதில் விழுகிறது, புரியவில்லை

கேள்வி: கீழமாசி வீதியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 34. ஆட்கள் பேசுவது காதில் விழுகிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் பிடிபடவில்லை. 'அரைக் கிலோ' என்றால் ஆறு கிலோ போட்டுவிடுகிறேன். காது மிஷின் மாட்டியும் இரைச்சல்தான் கூடியது.

பதில்: நீங்கள் அனுப்பிய ஆடியோகிராமில் (எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) குறைவு லேசாகத்தான் இருக்கிறது. அதற்கு இவ்வளவு குழப்பம் வரக் கூடாது. ஆடிட்டரி நியூரோபதி என்ற அரிய கோளாறாக இருக்குமோ என்று சந்தேகிக்கிறேன். இதில் உள்காது சத்தத்தை வாங்கிக்கொள்ளும். நரம்பு வழியாக மூளைக்குப் போகும் சமிக்ஞை மட்டும் நேரம் தவறிச் சிதறிவிடும். தவில் தாளம் தப்பினால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கச்சேரி எடுபடாது, அப்படித்தான். மிஷின் சத்தத்தைக் கூட்டும், தாளத்தைச் சரிசெய்யாது. ஓ.ஏ.இ. (உள்காது வேலை செய்கிறதா என்று பார்ப்பது), பெரா (சமிக்ஞை நரம்பு வழியாக மூளைக்குச் சரியாகப் போகிறதா என்று பார்ப்பது) இரண்டு டெஸ்ட்டும் எடுங்கள். முதலாவது நன்றாக வந்து, பெராவில் அலை தெரியாவிட்டால் அநேகமாக இதுதான். கால் மரத்துப்போவது, இருட்டில் தடுமாறுவது இருந்தால் நரம்பியல் மருத்துவரையும் பாருங்கள். சில நரம்பு நோய்களோடு சேர்ந்தும் இது வரும். அதுவரை இன்னொரு மிஷினுக்குப் பணம் போடாதீர்கள். விற்பவர் எடுக்கச் சொல்வார், சொல்லட்டும்.

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. காய்ச்சல் வந்தால் காது சுத்தமாகக் கேட்பதில்லை. விட்டதும் சரியாகிவிடுகிறது. நடிக்கிறாள் என்கிறார் மாமியார். (மேலூர்)

பதில்: நடிப்பாக இருக்காது, அம்மா. உடல் சூடு ஏறும்போது மட்டும் கேட்பது குறைகிற வகை, மேலே சொன்ன ஆடிட்டரி நியூரோபதியிலேயே உண்டு. ஓடோஃப் என்ற மரபணுவில் பழுது இருந்தால் அப்படி வரலாம். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்தப் பழுது வந்தால்தான் பிள்ளைக்குக் கோளாறு வரும். மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிக்கொள்ளும் நம் பக்கத்தில் அதற்கு வாய்ப்பு கூடுதல். நீங்கள் சொந்தத்தில் கட்டியவரா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காய்ச்சலில் ஒரு முறை, விட்டபின் ஒரு முறை பெரா எடுத்தால் வித்தியாசம் தெரியும். காய்ச்சலை ஏறவிடாமல் குறைப்பது முக்கியம். இந்த மரபணுவுக்கான சிகிச்சையால் 6 குழந்தைகளில் 5 பேருக்குக் கேட்கும் திறன் மேம்பட்டதாகச் சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகக் குழு 2024 ஜனவரியில் அறிவித்தது. அவர்கள் பிறவியிலேயே கேளாதவர்கள், உங்கள் மகள் நிலை வேறு. ஆகவே அவசரப்பட்டு எங்கும் கிளம்ப வேண்டாம்.

கேள்வி: பிறந்ததும் கடும் மஞ்சள்காமாலை வந்து பேரனுக்கு ரத்தம் மாற்றினார்கள். காது டெஸ்ட் 'பாஸ்' என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா? (உசிலம்பட்டி)

பதில்: எடுத்தது ஓ.ஏ.இ. மட்டும் என்றால் நம்ப வேண்டாம், ஐயா. கடும் மஞ்சள்காமாலையாலும் ஆடிட்டரி நியூரோபதி வரலாம், அதில் ஓ.ஏ.இ. பாஸ் ஆகிவிடும். மஞ்சள்காமாலை முற்றிய குழந்தைக்குப் பெரா கட்டாயம். கோளாறு இருந்தாலும் சில குழந்தைகளுக்குத் தானே தேறும். தேறாவிட்டால், எம்.ஆர்.ஐ.யில் செவி நரம்பு இருப்பதை உறுதிசெய்து காக்ளியர் இம்ப்ளான்ட் (செவி நரம்பை நேராகத் தூண்டும் கருவி) அறுவைச் சிகிச்சையில் வைப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டில் இது 6 வயதுக்குள்தான். 'பையன் லேட்டாகப் பேசுவான்' என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

கேள்வி: எனக்கு ஆடிட்டரி நியூரோபதி என்று உறுதியாகிவிட்டது. மாற்றுத்திறனாளி சான்று கிடைக்குமா? (கல்லூரி மாணவி, திருமங்கலம்)

பதில்: சட்டம் பார்ப்பது டெசிபல் கணக்கை. இரண்டு காதிலும் 60 டெசிபலுக்குக் குறையாத இழப்பு வேண்டும். வார்த்தை புரிகிறதா என்பது அதில் வராது, அநியாயம்தான். கல்லூரியில் பெரா அறிக்கையைக் காட்டி முன்வரிசை இடமும், எழுத்தில் பாடக்குறிப்பும் கேளுங்கள். ஆசிரியர் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் ஒன்று, குரலை நேராக உங்கள் காதுக்கு அனுப்பும். அதைத் தரமுடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.