மேக்ரோ லென்ஸ் கேட்கும் மகளுக்கு முதலில் ஒரு ரிவர்ஸ் ரிங்

மகள் பிளஸ் ஒன் உயிரியல் பிரிவு, படிக்க வேண்டிய நேரத்தில் மாமரத்தடியில் முசுறு எறும்பைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள், இப்போது அரை லட்ச ரூபாய்க்கு, சின்னப் பொருளை மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வேறு கேட்கிறாள், இது எங்கே போய் முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். லென்ஸை இப்போது வாங்காதீர்கள் ஐயா. மாமரத்தடியை விட்டு எழுப்பவும் வேண்டாம். ஆறு மாதம் வீட்டுக் கேமராவையும் ஒரு பழைய லென்ஸையும் வைத்தே எடுக்கட்டும். அவளை இழுப்பது பூச்சியா, படமா என்பது அதற்குள் தெரிந்துவிடும். எந்தப் படிப்பு என்ற கேள்விக்கு அதற்குப் பிறகுதான் பதில்.

வீட்டில் இருக்கும் டிஎஸ்எல்ஆர் பாடி போதும். பழைய ஃபிலிம் கேமராக்களோடு வந்த 50 மி.மீ. லென்ஸ் ஒன்று கேமரா ரிப்பேர் கடையில் கிடைக்கும். அதை முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் மேக்ரோ வேலையைச் செய்யும். ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் வளையம் லென்ஸிலேயே இருக்க வேண்டும், அது முக்கியம். எந்தக் கம்பெனி என்று பார்க்க வேண்டாம். தலைகீழாக மாட்டப் போவதால் லென்ஸின் மவுன்ட், அதாவது வழக்கமாகக் கேமராவில் பூட்டும் பக்கம், வெளியே நிற்கும். பொருந்த வேண்டியது முன்பக்கத்து ஃபில்டர் மரை மட்டுமே. பழைய லென்ஸ்களில் அது பெரும்பாலும் 49 அல்லது 52 மி.மீ. ஒரு பக்கம் அந்த மரை, மறுபக்கம் உங்கள் கேமராவின் மவுன்ட் உள்ள ரிவர்ஸ் ரிங் சில நூறு ரூபாய்தான்.

இப்படி மாட்டினால் சுமார் 25 மி.மீ. அகலமுள்ள காட்சி சென்சார் முழுவதையும் நிரப்பும். ஒரு முசுறு ஏறத்தாழ 1 செ.மீ. நீளம், ஃபிரேமில் ஐந்தில் இரண்டு பங்கைப் பிடித்துக்கொள்ளும். சிக்கல் இங்கேதான் ஆரம்பம். எறும்பு லென்ஸிலிருந்து ஏழெட்டு செ.மீ. தூரத்தில் இருந்தாக வேண்டும். அப்பர்ச்சர் துளையின் அளவைச் சொல்வது எஃப் எண், எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். எஃப்/8-இல் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மி.மீ. கூட இல்லை, கண் தெளிந்தால் கொம்பு மங்கும். ஆழம் வேண்டுமென்று எஃப்/16-க்குத் திருகினால் படம் முழுக்கக் குழைந்துபோகும். இந்த நெருக்கத்தில் எஃப் எண் இரட்டிப்பாகிவிடுவதால் எஃப்/16 என்பது நடைமுறையில் எஃப்/32. சிறு துளை வழியே போகும் ஒளி பரவிவிடும் விளிம்பு விளைவு (டிஃப்ராக்‌ஷன்) கூர்மையைத் தின்றுவிடும். எஃப்/8, மிஞ்சினால் எஃப்/11.

ஃபோகஸ் வளையத்தைத் திருகிப் பயனில்லை, உடம்பைத்தான் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஒரு குச்சியை மண்ணில் ஊன்றி, இடது கையால் அதைப் பிடித்து, மூடிய அந்தக் கையின் மேல் கேமராவை வைத்தால் ஆட்டம் பாதியாகக் குறையும். பத்துப் பதினைந்து படங்களை அடுக்கடுக்காக எடுத்து ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் பிறகு வரட்டும். பூவுக்குக் காற்றுதான் எதிரி. காம்பைத் துணி கிளிப்பால் ஒரு குச்சியோடு கவ்வி நிறுத்தலாம்.

வெளிச்சம் போதாது. ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200, கேமராவின் பாப்-அப் ஃபிளாஷ். வெறும் ஃபிளாஷ் அடித்தால் வண்டின் முதுகில் வெள்ளைப் புள்ளி விழும், லென்ஸின் நிழலும் விழும். உட்புறம் பளபளக்கும் உருளைச் சிப்ஸ் டப்பாவை ஃபிளாஷிலிருந்து லென்ஸின் முனை வரை வளைத்து ஒட்டி, வாயில் பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாகக் கட்டினால் ஒளி மெத்தென்று விழும். பின்னணி இருட்டாக வந்தால் பூச்சிக்குப் பின்னால் ஓர் இலையைப் பிடித்தால் போதும். வெளியே தெரியும் பின்பக்கக் கண்ணாடிதான் முதலில் கீறல் படும் இடம். பழைய ரியர் கேப்பின் அடியை வெட்டி எடுத்துவிட்டு மாட்டிவிடுங்கள்.

பனி காயாத விடியற்காலையில் பூச்சி அசையாது. டியூஷனுக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் தாராளம். அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியை ஃபிரிட்ஜில் வைக்கும் ‘டிப்ஸ்’ யூடியூபில் சுற்றுகிறது, அதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நோட்டுப் போட்டுக் கொடுங்கள்: தேதி, செடி, பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது, எஃப் எண், எத்தனை எடுத்து எத்தனை தேறியது. ஆறு மாதம் கழித்து நீங்களே புரட்டிப் பாருங்கள். மாவுப்பூச்சியை எறும்பு ஏன் காக்கிறது என்று பக்கம் பக்கமாக இருந்தால் அவள் பூச்சியியல் பக்கம். கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. வேளாண்மைக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அங்கேயே பூச்சி அருங்காட்சியகமும் இருக்கிறது, ஒரு லீவில் கூட்டிப்போங்கள். விலங்கியல் படித்து முதுகலையில் பூச்சியியலுக்குத் திரும்பலாம். பெங்களூரில் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம், சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மண்டல மையம் என்று இந்தத் துறையில் ஆய்வு செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. இந்தப் பாதையில் போகிறவள் ஒரே பூச்சியை மேலிருந்து, பக்கவாட்டில், முகத்துக்கு நேராக மூன்று கோணங்களிலும் எடுத்துப் பழக வேண்டும். அழகாக மங்கிய ஒற்றைப் படத்தை வைத்து எந்த நிபுணராலும் இனம் சொல்ல முடியாது.

நோட்டில் பட்டர் பேப்பரும் ஃபிளாஷ் கோணமுமே நிறைந்திருந்தால் விஷுவல் கம்யூனிகேஷன் (விஸ்காம்), அல்லது தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியின் ஒளிப்பதிவுப் படிப்பு. பூச்சிப் படத்தை மட்டும் விற்றுக் குடும்பம் நடத்துவது மிகக் கடினம், இதை அவளிடமும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆனால் நகை, கைக்கடிகாரம், பல் மருத்துவம் எல்லாவற்றுக்கும் இதே ஒளி, இதே நெருக்கம்தான். அங்கே கூலி உண்டு. இரண்டும் இல்லாமல் நோட்டு காலியாகவே இருந்தால் நல்ல பொழுதுபோக்கு, நீட் படிக்கட்டும்.

நோட்டு நிறைந்தால் செகண்ட்ஹேண்டில் 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ பாருங்கள். வாங்குமுன் டார்ச்சை உள்ளே அடித்துப் பூஞ்சை இழை இருக்கிறதா என்று பார்க்கவும். வீட்டுக்கு வந்ததும் பீரோவில் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.