வடைக்கு வந்த நரி எந்த ஊர்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் பற்றித்தான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் தமிழ், கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். நம் கலாசாரம் தெரியட்டும் என்று பொங்கல், கோலம், கோயில் எல்லாம் வருகிற தமிழ்ப் படப் புத்தகம் வாங்கினேன். இரண்டாவது பக்கத்திலேயே மூடிவிடுகிறாள். என்ன செய்வது?
– ஒரு அம்மா, ராமமூர்த்தி நகர்

மூடியதில் அவள் தப்பு எதுவும் இல்லை. அந்த மாதிரிப் புத்தகங்கள் சிலவற்றை நானும் புரட்டியிருக்கிறேன். கதை என்று ஒன்றும் இருக்காது. ஒரு பக்கத்தில் பானை, அடுத்த பக்கத்தில் கரும்பு, அப்புறம் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பெண் கைகூப்பி நிற்பாள், அவளுக்குப் பசிக்காது, கோபம் வராது, தம்பியைக் கிள்ளவும் மாட்டாள். மளிகைக் கடையில் தருகிற காலண்டரை ஐந்து வயசுப் பிள்ளை எவ்வளவு நேரம்தான் பார்க்கும்?

என் அண்ணன் மகளுக்கு ஒரு நாள் ஆட்டுக்குட்டி காணாமல்போன கதை ஒன்று படித்துக்கொண்டிருந்தேன். நான் ஆட்டைத் தேடிக்கொண்டிருக்க, அவள் படத்தின் மூலையில் விரலை வைத்து, "அத்தை, இது நம்ம வீட்டு டம்ளர்" என்றாள். ஓரம் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். கதையில் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது, ஓவியர் போகிற போக்கில் வரைந்துவைத்தது. அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தை அவள் விடவே இல்லை. 1990-இல் ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பேராசிரியர், குழந்தைக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். தன் முகமும் தெரியணும், அடுத்தவர் வீடும் தெரியணும். உங்கள் மகளுக்குக் கண்ணாடி என்று கொடுத்தது கொலுப்படி பொம்மையாக இருந்துவிட்டது, அவ்வளவுதான்.

கதை நன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கலாசாரம் தானாக வரும். படிக்கும்போது "சென்றாள்" என்று அச்சில் இருந்தால் "போனா" என்று சொல்லிவிட்டுப் போங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

பேத்திக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எனக்கு இங்கிலீஷ் ஓட்டமாக வராது. இரண்டு பேரும் சேர்ந்து படிக்க ஏதாவது உண்டா?
– ஒரு தாத்தா, அல்சூர்

உண்டு ஐயா. சென்னையில் இருக்கும் துலிகா பதிப்பகம் தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்தில் வருகிற இருமொழிப் புத்தகங்களைப் பல வருடமாகப் போட்டுவருகிறது. நம்ம பெங்களூரிலேயே இருக்கும் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அதில் ஒரே படக்கதை பல மொழிகளில் இருக்கும், இலவசமாக இறக்கி அச்சடித்தும் கொள்ளலாம். நான் செய்வது, ஒரே கதையைத் தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று என்று எடுப்பது. பள்ளியில் கன்னடம் படிக்கிற பேத்தி ஒரு பக்கம் படிக்கட்டும், நீங்கள் அதே பக்கத்தைத் தமிழில் படியுங்கள். ஒரு வாரத்தில் அவளே உங்களைத் திருத்த ஆரம்பிப்பாள், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்தே இல்லாத படப் புத்தகங்களும் இருக்கின்றன. அதில் தாத்தாதான் ஆசிரியர்.

32 பக்கப் புத்தகத்துக்கு இவ்வளவு விலையா?
– ஒரு அப்பா, பி.டி.எம். லேஅவுட்

எல்லாப் பக்கமும் வண்ணம், நல்ல தாள், அதோடு ஓவியர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்த கூலி. அச்சில் ஒரே தாளில் அடித்து மடிக்கிற 16 பக்கம் ஒரு பாரம் என்பதால்தான் படப் புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டு பாரத்தோடு நிற்கின்றன. கட்டுப்படாது என்றால் நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்களைப் பாருங்கள், விலை குறைவு. கப்பன் பார்க்கில் சிறுவர் நூலகம் இருக்கிறது, அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்திலும் நூலகம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள்.

மகனுக்கு மிருகக் கதைகள்தான் பிடிக்கும். ஆனால் எல்லாக் கதையிலும் நரி தந்திரம், கழுதை முட்டாள். இதைக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், ஒயிட்ஃபீல்ட்

தாராளமாகக் கொடுங்கள், எனக்கு வேறு ஒரு வருத்தம். பாட்டி வடை சுட்ட கதைப் புத்தகங்களைப் பாருங்கள். பாட்டி நம்ம பாட்டி, மரம் நம்ம மரம், காக்காவும் நம்ம காக்கா. கீழே நிற்கிற நரி மட்டும் செக்கச்செவேல் என்று, வால் நுனி வெள்ளையாக, ஐரோப்பாவிலிருந்து வடைக்காகவே விமானம் பிடித்து வந்த மாதிரி நிற்கும். நம் கிராமங்களில் ஊளையிடுகிற நரி மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம், வால் நுனி கறுப்பு. பஞ்சதந்திரத்தின் கரடகனும் தமனகனும் அந்த ஜாதிதான். ஓவியர் பக்கத்து ஊருக்குப் போய்ப் பார்க்காமல் வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தால் இப்படித்தான் ஆகும்.

உங்கள் மகனுக்குப் பாண்டா தெரிந்திருக்கும், தேவாங்கு தெரியுமா? "தேவாங்கு மாதிரி முழிக்காதே" என்று திட்டு வாங்கித்தான் நமக்கே அந்தப் பேர் தெரியும். கால் கிலோ எடை, ராத்திரியில் கிளை கிளையாக ஊர்ந்து பூச்சி பிடித்துத் தின்னும். நம்ம டாடா இன்ஸ்டிட்யூட் (இந்திய அறிவியல் கழகம்) வளாக மரங்களில் அது இருக்கிறது! தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் பக்கம் கடவூரில் 2022-இல் அதற்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள். நம் பக்கத்து உயிர்களை வரைந்த புத்தகம் எங்கே பார்த்தாலும் வாங்கிவிடுங்கள்.

நானும் மகனும் மட்டும்தான் வீட்டில். புத்தகங்களில் எப்போதும் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். "நம்ம வீடு மாதிரி புக் இல்லையா" என்கிறான்.
– பெயர் வேண்டாம், சிவாஜிநகர்

"அப்பா இல்லாத குழந்தை"யைப் பற்றி உபதேசம் செய்கிற புத்தகத்தைத் தேடாதீர்கள், அது அவனை இன்னும் தனியாக உட்கார வைத்துவிடும். பாட்டியும் பேத்தியும் மட்டும் இருக்கிற வீடு, மாமாவிடம் வளர்கிற பையன் என்று காரணமே சொல்லாமல் போகிற கதைகள் இப்போது வருகின்றன, அவைதான் நல்லது. அதுவரை வெள்ளைத்தாளை மடித்து நடுவில் தைத்து, அவனையே வரையச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் உங்களை எவ்வளவு பெரிசாக வரைகிறான் என்று எனக்கு எழுதுங்கள்.

ஒரே புத்தகத்தை நாற்பது தடவை படிக்கச் சொல்கிறாள். தாங்க முடியவில்லை.
– இன்னொரு அம்மா, இந்திரா நகர்

நாற்பத்தோராவது தடவையும் படியுங்கள். தூக்கத்தில் ஒரு பக்கத்தைத் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள், நான் செய்து மாட்டிக்கொண்டேன், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது.