ஒரே யூபிஎஸ்ஸில் இரண்டு கணினிகள்: பேட்டரி தீரப்போவது இரண்டாவதற்கு எப்படித் தெரியும்?

யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிள் ஒரு கணினியில்தான் செருகியிருக்கும். லினக்ஸில் 'நட்' என்ற இலவச மென்பொருளைப் போட்டால், அந்தக் கணினியில் ஒரு டீமன், அதாவது திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல், யூபிஎஸ்ஸின் நிலையை மற்ற கணினிகளுக்குச் சொல்லும்.

நடுவில் எதற்கு ஓர் ஆள்? ஒரு யூஎஸ்பி கருவியைப் பல கணினிகள் நேரடியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. அபார்ட்மென்ட் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று எல்லா வீட்டாரும் மாடி ஏறுவதில்லையே. வாட்ச்மேன் பார்ப்பார், மற்றவர்கள் அவரிடம் கேட்பார்கள்.

சரி, அமைப்பு? இரண்டாவது கணினியில், நட்டின் அமைப்புக் கோப்பிலுள்ள 'மானிட்டர்' வரியில் யூபிஎஸ் பெயர், முதல் கணினியின் ஐபி முகவரி, 1 என்ற எண், பயனர்பெயர், கடவுச்சொல், கடைசியில் 'செகண்டரி'. அவ்வளவுதான். ஆனாலும் இணைப்பு கிடைக்காது! காரணம், டீமன் இயல்பாகத் தன் சொந்தக் கணினிக்கு மட்டுமே பதில் சொல்லும். முதல் கணினியில், டீமனின் அமைப்புக் கோப்பிலுள்ள 'லிசன்' வரியில் அதன் நெட்வொர்க் முகவரியைச் சேர்த்து, ஃபயர்வாலில் 3493 போர்ட்டைத் திறக்க வேண்டும். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். அப்புறம், ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் செருகுங்கள். அது அணைந்தால் செய்தியே போகாது.

பலர் நினைப்பதற்கு மாறாக, இரண்டாவது கணினியில் யூபிஎஸ் டிரைவரை அமைக்கத் தேவையில்லை.