அட்டாக்சியாவுக்கு மருந்து இல்லை என்கிறார்கள். பிசியோதெரபி, கவுன்சலிங் எல்லாம் பயன் தருமா?

கேள்வி: அப்பாவுக்கு 52 வயது. சிறுமூளை சுருங்கிவருகிறது, பரம்பரை அட்டாக்சியா (நடை, கை அசைவு, பேச்சு எல்லாம் தடுமாறும் நோய்), மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பிசியோதெரபிக்கும் கவுன்சலிங்குக்கும் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

பதில்: நிச்சயம் இருக்கிறது. என் அண்ணனுக்கு எஸ்.சி.ஏ.1, அதாவது ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா முதல் வகை. தமிழ்க் குடும்பங்களில் அதிகம் தென்படும் பரம்பரை அட்டாக்சியா வகைகளில் இதுவும் ஒன்று. எட்டு வருடமாக அவர் கூடவே இருக்கிறேன்.

மருந்து இல்லை என்று டாக்டர் சொன்னது எங்கள் காதில் 'இனிச் செய்ய ஒன்றுமில்லை' என்றுதான் விழுந்தது. இரண்டு வருடம் அப்படியே ஓடியது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அண்ணன் நாற்காலியை விட்டு எழுவதையே குறைத்துக்கொண்டார். கால் சதை வற்றிப்போனது. நோய் பாதி, உட்கார்ந்தே இருந்தது பாதி என்று பிறகு பிசியோ சொன்னார். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ஜெர்மனியில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் என நான்கு வாரம் தீவிரப் பயிற்சி கொடுத்துப் பார்த்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். நடையும் நிற்கும் நிதானமும் மேம்பட்டிருந்தன. 2012இல் வந்த ஜப்பானிய ஆய்விலும் அப்படியே. ஆனால் பயிற்சி முடிந்து மாதங்கள் போகப் போகப் பலன் கரைந்தது. எங்கள் வீட்டிலும் அதைப் பார்த்தோம். ஒரு கல்யாண வேலையில் மூன்று வாரம் விட்டுப்போய், திரும்ப ஆரம்பித்த அன்று அண்ணனால் சுவரைத் தொடாமல் நிற்க முடியவில்லை. அதனால் பத்து நாள் பிசியோ போய்வந்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பல் தேய்ப்பது போல தினமும் செய்யவேண்டிய காரியம் இது. கை ஊன்றாமல் கட்டிலிலிருந்து எழுவது, தொப்பென்று விழாமல் மெதுவாக உட்காருவது, தரையில் சாக்பீஸ் கோடு போட்டு அதன் மேல் அடி வைப்பது. பின்னால் ஒருவர் நின்றே ஆகவேண்டும்.

அண்ணன் எவர்சில்வர் டம்ளரை எடுத்தால் வாய்க்கு வருவதற்குள் பாதி காபி மடியில் கொட்டும். அண்ணிதான் ஊட்டிவிடுவார். அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முழங்கை இரண்டையும் மேஜையில் ஊன்றச் சொல்லி, மூடி போட்ட கனமான கப் ஒன்றை இரு கையாலும் பிடிக்க வைத்தார். அன்றைக்கு முழுக் காபியையும் தானே குடித்தார். அண்ணி ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குள் போய்விட்டார்.

உங்கள் அப்பா தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா என்று இன்றே கவனியுங்கள். சாதத்தைவிடத் தண்ணீர்தான் இவர்களுக்குப் பெரும்பாலும் புரையேறும். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரை கொண்டுபோய்விடும். ஸ்பீச் தெரபிஸ்ட் விழுங்குவதைச் சோதித்துப் பார்த்து, எப்படி உட்கார வேண்டும், எதைக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும் என்று சொல்வார். பேச்சுக்கு மட்டும்தான் அவர் என்று நினைத்து நாங்கள் தாமதமாகத்தான் போனோம்.

கவுன்சலிங் அப்பாவுக்கும் வேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்கும் வேண்டும். தள்ளாடும் நடை, குழறும் பேச்சு. பஸ்ஸில் ஒருமுறை "குடிச்சிட்டு ஏறாதே" என்று அண்ணனை இறக்கிவிட்டார்கள். அதன்பிறகு பல மாதம் அவர் வெளியே வரவே இல்லை. அந்த அவமானத்தை அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை, கவுன்சலிங் கொடுப்பவரிடம்தான் முதலில் சொன்னார். இப்போது மாற்றுத்திறனாளி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் நாள்பட்ட நரம்பியல் நோய்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன, நீங்களும் விண்ணப்பியுங்கள்.

அண்ணனுக்கு இருக்கும் எஸ்.சி.ஏ.1 வகையில் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. உங்கள் அப்பாவுக்கு எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் கவுன்சலிங் இல்லாமல் நீங்கள் மரபணுச் சோதனைக்குக் கை நீட்ட வேண்டாம். முடிவு வந்தபின் அதை மறக்க வழியில்லை. அண்ணன் மகளுக்கு 22 வயது. சோதித்துக்கொள்வதும் வேண்டாம் என்பதும் அவள் உரிமை என்று கவுன்சலிங் கொடுப்பவர் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். இப்போதைக்கு வேண்டாம் என்றாள். காலையில் சாக்பீஸ் கோட்டில் அண்ணன் நடக்கும்போது பின்னால் நிற்பது அவள்தான். சோதனையைப் பற்றி வீட்டில் யாரும் திரும்பக் கேட்பதில்லை.