ஸ்பானிஷ் எம்.ஏ., கூடவே போர்ச்சுகீஸ்?

பி.காம். முடித்து, ஸ்பானிஷ் மொழித் தேர்வான டெலேயில் பி1 நிலைச் சான்றிதழ் கையில் இருக்கிறது, பெரம்பூரிலிருந்து ஸ்பானிஷ் எம்.ஏ.வுக்கு எங்கே போவது, போர்ச்சுகீஸையும் சேர்த்தே ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். டெல்லி ஜே.என்.யூ., ஹைதராபாத் இஃப்லு (ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) இரண்டிலும் ஸ்பானிஷ் எம்.ஏ. உண்டு. எப்படியும் பெட்டி கட்டத்தான் வேண்டும். ஆனால் இலக்கியம் படிக்க பி1 போதாது. பக்கத்துக்குப் பத்து முறை அகராதியைப் புரட்டினால் நாவல் எப்போது முடியும்? முதலில் பி2 எழுதுங்கள். டெலே சான்றிதழ் காலாவதியாகாது, கட்டின காசு வீண் போகாது.

போர்ச்சுகீஸ் எம்.ஏ. கோவா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நம் ஜன்னலும் சாவியும் அந்த மொழி தந்தவைதான். ஆனால் இரண்டையும் சேர்த்துத் தொடங்க வேண்டாம். ஸ்பானிஷில் 'எக்ஸ்கிசீத்தோ' என்றால் பிரமாதமான ருசி. போர்ச்சுகீஸில் 'எஸ்கிசீத்து' என்றால் விசித்திரம். பிரேசில்காரர் ஒருவர் ஆசையாகச் சமைத்துப் போட்டதை நான் அப்படித்தான் பாராட்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!