சிக்னல் நேரம் தவறு என்று சாதாரண ஆள் சொன்னால் எடுபடுமா?

எடுபடும், ஆனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பீவர்ட்டன் ஊரில் நடந்ததைப் பாருங்கள்.

2013-ல் சிவப்பு விளக்கைத் தாண்டியதாக ஒரு பெண்ணுக்கு கேமரா மூலம் அபராதம் வந்தது. மின்னணுவியல் படித்த அவர் கணவர், மஞ்சள் விளக்கு எத்தனை விநாடி எரிய வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று தோண்ட ஆரம்பித்தார். அடிப்படை 1960-ல் வெளியான ஒரு சூத்திரம். பிரேக் போட்டு நிற்க முடியாத தூரத்துக்கு வந்துவிட்ட வண்டி, அதே வேகத்தில் நேராகப் போகும் என்று அது வைத்துக்கொள்கிறது. ஆனால் திரும்புகிற வண்டி அப்படிப் போக முடியாதே! வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அதற்குள் மஞ்சள் போய்ச் சிவப்பு வந்துவிடும். ஓட்டுநர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

இதை மாநிலப் பொறியாளர் வாரியத்துக்கு எழுதினார். வாரியம் கணக்கைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தது. உரிமம் இல்லாமல் பொறியாளர் வேலை செய்ததாக 500 டாலர் அபராதம்! கூத்துதான். அவர் நீதிமன்றம் போனார், 2018 டிசம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2020-ல் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் அமைப்பு தன் வழிகாட்டுதலையே மாற்றி, திரும்பும் வண்டிகளையும் கணக்கில் சேர்த்தது.

நம் ஊரில் என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, அந்தச் சிக்னலுக்கு விநாடிகளைக் கணக்கிட்ட தாளின் நகலைக் கேளுங்கள். வெறும் புகாராக எழுதினால் அது கோப்போடு கோப்பாகக் கிடக்கும்.