வேன் வேணாம், வீட்டப் பாருங்க

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்து எழுதுறேன். எங்க லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருக்குற அக்காவோட சின்னப் பையனுக்கு அஞ்சு வயசு, லுக்கிமியா, அதாவது ரத்தப் புற்றுநோய்னு சொல்லி ஈப்போவுல இருந்து கோலாலம்பூர் துங்கு அசிசா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. அக்கா பையனோட வார்டுலயே இருக்காங்க. அக்கா வீட்டுக்காரரு, நாங்க அவரையும் அண்ணன்னுதான் கூப்பிடுவோம், இங்க செம்பனை வெட்டுறாரு, நாலாம் ஆண்டு படிக்கிற பொண்ண பாட்டிதான் பார்த்துக்குது. போன் பண்ணி 'எது வேணும்னாலும் கூச்சப்படாம சொல்லுங்கக்கா'ன்னேன், 'சரிம்மா'ன்னு வச்சுட்டாங்க, அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல. கோயில் கமிட்டியில வேன் புடிச்சு எல்லாரும் போய்ப் பாத்துட்டு வரலாம்னும் டின்னர் வச்சு காசு சேக்கலாம்னும் பேசுறாங்க. ரெண்டு மூணு பேரு கீமோவ விட்டுட்டு நாட்டு மருந்து பாக்கச் சொல்றாங்க. நாங்க என்ன செஞ்சா உண்மையிலேயே உதவியா இருக்கும்?

ஒரு வாசகி (பேர் போட வேணாம்)

அன்புள்ள தங்கச்சி,

வேன் வேணாம். முதல்ல அத சொல்லிடுறேன், இதப் படிக்கிறதுக்குள்ள யாராச்சும் வண்டிக்கு முன்பணம் குடுத்துடப் போறாங்க.

கீமோ ஆரம்பிச்ச புதுசுல பிள்ளைக்கு வெள்ளை அணு அடியோட இறங்கிக் கிடக்கும், நமக்கு வெறும் சளின்னு இருக்குறது அவன ஐசியு வரைக்கும் கொண்டு போய் விட்டுடும். பிள்ளைங்க வார்டுல பொதுவா ஒருத்தரத்தான் கூட இருக்க விடுவாங்க, அதனால நீங்க போனாலும் கீழ லாபியில நின்னு அக்காவுக்குத்தான் போன் அடிப்பீங்க, அவங்க பிள்ளைய மிஸ்ஸிகிட்ட (நர்ஸ்கிட்ட) சொல்லிட்டு லிஃப்ட்டுக்குக் காத்திருந்து இறங்கி வந்து, என்ன ஆச்சு எப்படித் தெரிஞ்சதுன்னு ஆரம்பத்துல இருந்து கதைய சொல்லி, அழுவுறவங்கள தேத்தி, 'பசியாறிட்டீங்களா'ன்னு நம்மளையே விசாரிச்சு அனுப்பி வைப்பாங்க. நம்ம சனம் பாசத்துலதான் போகுது, நான் குறை சொல்லல. ஆனா அந்த ஒரு மணி நேரம் அவங்க தூங்கியிருக்க வேண்டிய நேரம்.

அடுத்து அந்த 'சரிம்மா'. உங்க மேல கோவமெல்லாம் இல்ல. கட்டிலுக்குப் பக்கத்துல நாற்காலியில ராத்திரி முழுக்க சாஞ்சு கிடந்துட்டு, டாக்டருங்க ரவுண்ட் வர்றதுக்கு முன்னாடி ஓடிப்போய் குளிச்சிட்டு வந்து, இன்னிக்கு பிளேட்லெட் (ரத்தத்த உறைய வைக்கிற அணு) எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவுன்னு நம்பரையே பாத்துக்கிட்டு இருக்குற ஒரு மனுஷிகிட்ட 'என்ன வேணும் சொல்லு'ன்னா, நமக்கு என்ன வேலை குடுக்கலாம்னு யோசிக்கிறதையும் சேத்து அவங்க தலையிலதான் வைக்கிறோம். கேக்காதீங்க, சொல்லுங்க. 'அக்கா, திங்களும் புதனும் பாப்பாவ நான் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து சோறு போட்டு வீட்டுப்பாடம் பாத்துடுறேன், சரியா?' இதுக்கு ஆமா இல்லன்னு பதில் சொன்னா போதும்.

இப்ப அண்ணன் விஷயம். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இது தெரியாது, தோட்டத்துல இருக்குற உங்களுக்குத் தெரியணும். பழம் வெட்டுற ஆளுக்கு முக்கால்வாசி வீட்டுல பொண்டாட்டிதான் பின்னாடியே போய் உதிரிப்பழம் பொறுக்குறது, அதுவும் சேந்ததுதான் அந்த வீட்டு வருமானம். அக்கா வார்டுல இருந்தா ஒரு சம்பளம் மட்டும் போகல, அண்ணன் வெட்டுறதும் குறையும், குலையும் வெட்டி பழமும் பொறுக்கணும்னா ஒரு நாளைக்கு எத்தன மரம் பாக்க முடியும்? வேலைச் சட்டப்படி ஆண்டு விடுப்பு ரெண்டு வருஷத்துக்குக் கீழ வேலை செஞ்சவங்களுக்கு 8 நாள், அப்புறம் 12, அஞ்சு வருஷத்துக்கு மேல 16. இந்த வைத்தியத்துக்கு அது எந்த மூலைக்கு? அதனால கமிட்டி மொதல்ல செய்ய வேண்டியது, நாலு பேரு மண்டோரையும் (மேஸ்திரி) கிராணியையும் (தோட்டத்துக் கணக்கர்) பாத்து, அண்ணன் கோலாலம்பூர் போற நாளுல அவரு வரிசைய வேற ஆளு வெட்டவும், பழம் பொறுக்க ஒரு கை துணைக்குப் போகவும் பேசி முடிக்கிறது. டின்னருல வர்ற காச விட இது பெரிசு.

ஏன் இவ்வளவு அழுத்தமா சொல்றேன்னா, இது ஒரு மாச கதை இல்ல. பிள்ளைங்களுக்கு அதிகமா வர்ற வகை லுக்கிமியான்னா வைத்தியம் ரெண்டு ரெண்டரை வருஷம் போகும். மலேசியா, சிங்கப்பூர் டாக்டருங்க சேந்து மா-ஸ்போர்னு ஒரு வைத்திய முறைய 2002-ல இருந்து 2011 வரைக்கும் நடத்திப் பாத்தாங்க, அதுல கிட்டத்தட்ட 80 சதவீதம் பிள்ளைங்க ஆறு வருஷம் ஆகியும் நோய் திரும்பாம இருந்தாங்க. பணக்கார நாடுகள்ல புற்றுநோய் வந்த பிள்ளைங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல குணமாகுறாங்க, ஏழை நாடுகள்ல 30 சதவீதத்துக்கும் கீழன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுக்குச் சொல்ற காரணங்கள்ல ஒண்ணு, பாதியிலயே வைத்தியத்த விட்டுடுறது. பஸ் காசு இல்ல, வேலை போச்சு, வீட்டுல இன்னொரு பிள்ளைய பாக்க ஆள் இல்ல, இப்படித்தான் விட்டுப் போகுது. அப்படின்னா அவங்க ஒரு தேதியும் தவறாம ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு லயம் செய்யுற ஒவ்வொண்ணும் வைத்தியத்துல ஒரு பங்குதான்.

ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டியது பின்னாடி வரும். முதல் எட்டு பத்து மாசம் கடினமான கீமோ முடிஞ்சு பையன் வீட்டுக்கு வந்துடுவான், முடி முளைக்கும், கன்னம் உப்பும், கோயிலடியில ஓடுவான், ஆனா தினமும் மாத்திரை இருக்கும், கிளினிக் தேதி இருக்கும், நடு நடுவுல முதுகுல ஊசி போட்டு மருந்து ஏத்துறது இருக்கும். அப்பத்தான் நம்ம ஆளுங்க வாய் சும்மா இருக்காது. 'நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு இந்த விஷத்த குடுக்குற?' ம்பாங்க. அந்த மாத்திரை ஒளிஞ்சு கிடக்குற நோய அடக்கத்தான். நாட்டு மருந்து சொல்றவங்க அப்பத்தான் திரும்ப வருவாங்க. எனக்கு நாட்டு மருந்து மேல பகை கிடையாது, சளிக்கு நானும் துளசிக் கசாயம் குடிக்கிறவன்தான், ஆனா கீமோவுல பிள்ளையோட ஈரல் ஏற்கனவே பாடுபட்டுக்கிட்டு இருக்கும், எந்த வேரு எந்த மருந்தோட சண்டை போடும்னு வேர் விக்கிறவருக்குத் தெரியாது. டாக்டர கேக்காம ஒரு ஸ்பூன் கூட குடுக்கக் கூடாது. இத அக்கா சொன்னா மாமியார் வீட்டுல எடுபடாது. நீங்க சொல்லுங்க, கோயில் தலைவர வச்சு சொல்லச் சொல்லுங்க.

அந்த மாசங்கள்ல ஒரு காரு வேணும். கீமோ எடுக்குற பிள்ளைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தா விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது, பெனடோல் குடுத்து அமுக்கிப் பாக்கவும் கூடாது, டாக்டர் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்காங்களோ அங்க உடனே போகணும். ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார்ல காய்ச்சக்காரப் பிள்ளைய நடுவுல உக்கார வச்சுக்கிட்டு மழையில போறத நினைச்சுப் பாருங்க. லயத்துல காரு வச்சிருக்குறவங்க மூணு பேரு போன் நம்பர் எழுதி அவங்க வீட்டு ஐஸ்பெட்டியில ஒட்டுங்க, யாரு எந்த வாரம்னும் எழுதுங்க. இளைஞருங்க ஏதாச்சும் செய்யணும்னு துடிச்சா ரத்த தானம் செய்யட்டும், ஆனா எல்லாரும் ஒரே நாள்ல போய் போட்டோ எடுத்துக்க வேணாம், பிளேட்லெட் அஞ்சு நாளைக்கு மேல தாங்காது, பிரிஞ்சு பிரிஞ்சு போனாத்தான் பிரயோஜனம்.

காசு விஷயத்துக்கு வர்றேன். அரசாங்க ஆஸ்பத்திரி மூணாம் கிளாஸ் வார்டு ஒரு நாளைக்கு 3 வெள்ளிதான் (ரிங்கிட்), ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் 5 வெள்ளி, பில்லு அவங்கள கொல்லாது. கொல்றது அக்காவோட சாப்பாட்டுக் காசு, அண்ணன் போக வர டிக்கெட்டு, கொறஞ்ச சம்பளம். ஆஸ்பத்திரியில மெடிக்கல் சோசியல் வொர்க்கர்னு தனி பிரிவே இருக்கு, அக்கா அங்க போகலன்னா போகச் சொல்லுங்க, ஆஸ்பத்திரியில இல்லாத மருந்து, சாமான் வாங்க வேண்டி வந்தா அரசாங்கத்தோட மருத்துவ உதவி நிதிக்கு அவங்கதான் எழுதுவாங்க. வெளியூர் பிள்ளைங்களும் அம்மாமாரும் தங்க தேசிய புற்றுநோய் சங்கம் கோலாலம்பூர்ல வீடு வச்சிருக்கு, அதையும் அவங்க மூலமாவே விசாரிக்கலாம். இதுக்கு சம்பளச் சிட்டு, ஐசி (அடையாள அட்டை) காப்பி, பிறப்புப் பத்திரம்லாம் கேப்பாங்க, அண்ணன் வேலை முடிஞ்சு வந்து தேடிக்கிட்டு இருக்க முடியாது. ஒரு ஃபைல் வாங்கி அதெல்லாம் காப்பி எடுத்துப் போட்டுக் குடுக்குறதுக்கு உங்களுக்கு அரை நாள் ஆகுமா?

மொட்டைத் தலையோட பையன் படத்தப் போட்டு கணக்கு நம்பரோட ஃபேஸ்புக்குல விடுறத மட்டும் தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. அவன் நாளைக்கு ஒன்றாம் ஆண்டுக்குப் போவான், பின்னாடி அவன் கூட்டாளிங்க கையில அந்தப் படம் கிடைக்கும்.

அந்தப் பொண்ணு. நாலாம் ஆண்டு. அம்மா தம்பியோட போயிடுச்சு, அப்பா தோட்டத்துல, வர்றவங்க எல்லாம் தம்பி எப்படி இருக்கான்னுதான் அவகிட்ட கேப்பாங்க. அவள பத்தி யாரு கேக்குறா? தம்பிக்கு நம்மாலதான் இப்படி ஆச்சோன்னு கூட இந்த வயசுப் பிள்ளைங்க நினைச்சுக்கும், வெளிய சொல்லாதுங்க. இது ஒட்டுற நோய் இல்ல, நீ அடிச்சதால வந்ததும் இல்லன்னு யாராச்சும் வாய்விட்டுச் சொல்லணும். பள்ளிக்கூடத்துல டீச்சர்கிட்ட விஷயத்த சொல்லி வைங்க. தேர்வு வருதா, விளையாட்டுப் போட்டி வருதா, யாராச்சும் ஒரு பெரியவங்க அவளுக்காகன்னு போய் உக்காருங்க.

டின்னர் வைக்கக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா முதல் மாசத்துல ஊரே குடுக்கும், எட்டாவது மாசத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. இப்ப வீட்டுக்கு இவ்வளவுன்னு மாசா மாசம் சின்னதா சேத்து நேரா அக்கா கணக்குல போடுங்க, டின்னர அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்னாடி வைங்க. அதையும் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வைங்க, டிக்கெட் அடிச்சிட்டுப் போய் சொல்லாதீங்க.

அன்புடன்,
அண்ணன்